பொம்மை செய்த தச்சர்

புதுப் பொம்மை வாங்கிய அன்று அதைக் கீழே வைக்கவே மனம் வராது. தூங்கும்போதும் தலைமாட்டில் இருக்க வேண்டும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அதே பொம்மை கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும். வேறொரு பொம்மையோ ஓரம் தேய்ந்து, சாயம் போய், அண்ணனிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து தங்கைக்கு என்று கைமாறிக்கொண்டே இருக்கும். ஒன்று நிலைக்கிறது, இன்னொன்று மறைகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்கான விடை ஒரு தச்சரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் பெயர் ஒலே கிர்க் கிறிஸ்டியன்சென். ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்தி வீடு, கப்பல், கோட்டை என்று கட்டி விளையாடுகிறோமே, அந்த 'லெகோ' கட்டைகளைச் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கியவர் இவர்தான்.

ஏழை வீட்டுப் பிள்ளை

ஐரோப்பாவின் வடபகுதியில் டென்மார்க் என்ற சிறிய நாடு இருக்கிறது. அங்கே ஜட்லாந்து தீபகற்பத்தில் ஃபில்ஸ்கோவ் என்ற ஊருக்கு அருகே, 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி ஒலே கிர்க் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த ஏழைக் குடும்பம். சிறு வயதிலேயே ஏதாவது தொழில் கற்றாக வேண்டிய நிலை. தம் அண்ணனிடமே தச்சு வேலை கற்றுக்கொண்டார். பிறகு ஜெர்மனி, நார்வே ஆகிய நாடுகளுக்குச் சென்று உழைத்தார்.

கையில் சேர்ந்த பணத்தோடு ஊர் திரும்பிய அவர், 1916இல் பில்லுண்ட் என்ற ஊரில் ஒரு தச்சுப் பட்டறையை விலைக்கு வாங்கினார். அப்போது பில்லுண்ட் மிகச் சிறிய கிராமம். நார்வேயில் சந்தித்த கிர்ஸ்டின் என்ற பெண்ணை மணந்துகொண்டார். நான்கு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். சுற்றுவட்டார விவசாயிகளுக்கு வீடு கட்டுவது, கதவு, ஜன்னல், மேசை, நாற்காலி செய்வது என்று தொழில் நன்றாகவே நடந்தது.

விளையாட்டு வினையானது

1924ஆம் ஆண்டு ஒரு நாள். ஒலேயின் பிள்ளைகள் கார்ல் ஜார்ஜும் கோட்ஃப்ரெட்டும் பட்டறைக்குள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கோட்ஃப்ரெட்டுக்கு அப்போது நான்கு வயதுதான் இருக்கும். தச்சுப் பட்டறையில் இழைப்புளியால் சீவிய மரச்சுருள் தரையெல்லாம் குவிந்து கிடக்கும் அல்லவா? பிள்ளைகளின் விளையாட்டில் அதில் தீப்பற்றிக்கொண்டது. கண்மூடித் திறப்பதற்குள் பட்டறையும் எரிந்தது. பக்கத்திலிருந்த வீடும் எரிந்தது.

நல்ல வேளை, பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லை. ஆனால் உழைத்துச் சேர்த்தது எல்லாம் சாம்பலாகிவிட்டது. ஒலே மனம் உடைந்து உட்கார்ந்துவிடவில்லை. முன்பிருந்ததைவிடப் பெரிதாகவே வீட்டைக் கட்டினார். வாசலில் சிங்கச் சிலைகளோடு நிற்கும் அந்த வீட்டை இன்றும் பில்லுண்டில் பார்க்கலாம். அதற்காக வாங்கிய கடன்தான் பெரும் சுமையாகத் தோளில் ஏறிக்கொண்டது.

பஞ்ச காலத்தில் ஒரு பொம்மை

1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார நெருக்கடி உலகம் முழுவதும் பரவியது. டென்மார்க் விவசாயிகள் விளைவித்த பொருளுக்கு விலை இல்லை. சாப்பாட்டுக்கே திண்டாடுபவர்கள் புது வீடு கட்டுவார்களா? ஒலேக்கு வேலை குறைந்தது. பட்டறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக அனுப்ப வேண்டியதாயிற்று.

ஒலே யோசித்தார். பெரிய வேலை வராவிட்டால் சிறிய வேலை செய்வோம் என்று தீர்மானித்தார். ஏணி, முக்காலி, துணி இஸ்திரி போடும் பலகை என்று எளிதில் விற்கக்கூடிய பொருள்களைச் செய்தார். எந்தப் பொருளையும் செய்வதற்கு முன் அதைப் போலவே சின்னதாக ஒரு மாதிரி செய்து பார்ப்பது அவர் வழக்கம். அந்தக் குட்டி மாதிரிகளைப் பார்த்தபோதுதான் பொம்மை செய்யும் எண்ணம் பிறந்தது என்பார்கள்.

அதே 1932ஆம் ஆண்டில் இன்னொரு இடி விழுந்தது. மனைவி கிர்ஸ்டின் இறந்துபோனார். ஆறு வயது முதல் பதினைந்து வயது வரை நான்கு பிள்ளைகள். தாயில்லாத அந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கடனையும் சமாளித்துக்கொண்டு, ஒலே மரத்தில் கார், ரயில், விலங்குகள் என்று செய்துகொண்டிருந்தார். உடன்பிறந்தவர்கள் கடனுக்கு ஜாமீன் நின்று உதவினார்கள். என்றாலும், உருப்படியான தொழில் எத்தனையோ இருக்கப் பொம்மை எதற்கு என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. ஊர் விவசாயிகள் பணத்துக்குப் பதிலாக உணவுப் பொருளைக் கொடுத்துப் பொம்மை வாங்கிச் சென்றதும் உண்டு.

1934இல் ஒலே மறுமணம் செய்துகொண்டார். சோஃபி என்ற அந்தப் பெண்மணி குடும்பத்துக்குத் துணையாக வந்தார். அதே ஆண்டுதான் நிறுவனத்துக்குப் பெயர் வைத்தார்கள். நல்ல பெயர் சொல்பவருக்கு வீட்டில் தயாரித்த ஒயின் ஒரு பாட்டில் பரிசு என்று தொழிலாளர்களிடம் ஒலே அறிவித்தார். கடைசியில் அவரே யோசித்த பெயர்தான் வென்றது! டேனிஷ் மொழியில் 'லைக் கொட்' என்றால் 'நன்றாக விளையாடு' என்று பொருள். அந்த இரண்டு சொற்களின் முன்பகுதிகளைச் சேர்த்து 'லெகோ' என்று வைத்துவிட்டார்.

யோயோ கற்பித்த பாடம்

அந்த நாள்களில் டென்மார்க் குழந்தைகளிடையே யோயோ மோகம் பரவியது. நூலில் கட்டி ஏற்றி இறக்கி விளையாடுவோமே, அதேதான். எந்தப் பிள்ளையின் கையிலும் யோயோ. ஒலேயின் பட்டறையிலும் இரவு பகலாக யோயோ செய்தார்கள். விற்பனை பறந்தது.

திடீரென்று ஒரு நாள் யோயோ மோகம் அடங்கிவிட்டது. யாரும் வாங்கவில்லை. பட்டறையில் யோயோக்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. வேறு ஒருவராக இருந்தால் அடுப்பெரிக்கத்தான் போட்டிருப்பார். ஒலே ஒவ்வொரு யோயோவையும் இரண்டாகப் பிரித்தார். ஒவ்வொரு பாதியும் ஒரு சக்கரம் ஆனது! அந்தச் சக்கரங்களைப் பொம்மை வண்டிகளில் பொருத்தி விற்றார்.

ஊரெல்லாம் வாங்குகிறது என்பதற்காக வாங்கும் பொம்மை, ஊர் மறந்ததும் மறைந்துவிடும். அதே மரத்துண்டு இன்னொன்றோடு சேரும்போது மறுபடியும் உயிர் பெறும். இதை ஒலே கண்ணால் கண்டுகொண்டார்.

மூன்றாவது பூச்சு

ஒலே செய்த பொம்மைகளில் புகழ்பெற்றது மர வாத்து. கயிற்றைப் பிடித்து இழுத்தால் அலகைத் திறந்து மூடிக்கொண்டே பின்னால் வரும். அதற்கு மூன்று முறை வார்னிஷ் பூச வேண்டும் என்பது ஒலே வைத்திருந்த விதி.

மகன் கோட்ஃப்ரெட் பன்னிரண்டு வயதிலேயே பட்டறை வேலைக்கு வந்துவிட்டவர். ஒருமுறை வாத்துகளுக்கு இரண்டு பூச்சோடு நிறுத்திவிட்டு, பெட்டிகளை ரயில் நிலையத்துக்கு அனுப்பிவிட்டார். ஒரு பூச்சு மிச்சம், அவ்வளவுக்குப் பணமும் மிச்சம். அப்பா பாராட்டுவார் என்ற நினைப்பில் பெருமையோடு வந்து சொன்னார்.

அப்பாவின் முகம் மாறியது. உடனே ரயில் நிலையத்துக்குப் போய் அத்தனை பெட்டிகளையும் திரும்பக் கொண்டுவர வேண்டும், மூன்றாவது பூச்சும் பூச வேண்டும், இரவு முழுவதும் ஆனாலும் சரி, யார் உதவியும் இல்லாமல் தனியாகவே செய்ய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோட்ஃப்ரெட் விடிய விடிய உட்கார்ந்து அதைச் செய்து முடித்தார்.

வாங்கும் குழந்தைக்கு மூன்றாவது பூச்சு தெரியுமா? தெரியாதுதான். ஆனால் தரையில் இழுபட்டு உருளும்போது சாயம் உரியாமல் இருப்பது எதனால்? குழந்தைகளுக்குக் கொடுப்பது மிகச் சிறந்ததாக இருக்க வேண்டும், அதற்குக் குறைந்த எதுவும் கூடாது என்பது ஒலேயின் கொள்கை. பிற்பாடு கோட்ஃப்ரெட் அந்தக் கொள்கையை மரப்பலகையில் தம் கையாலேயே செதுக்கிப் பட்டறைச் சுவரில் மாட்டினார்.

மீண்டும் தீ

1942. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. டென்மார்க்கை ஜெர்மனி பிடித்துவைத்திருந்தது. அந்தச் சமயத்தில் தொழிற்சாலை மறுபடியும் தீக்கிரையானது. மரமும் இயந்திரங்களும் போனது மட்டுமல்ல. பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த பொம்மைகளின் வரைபடங்களும் மாதிரிகளும் எரிந்துபோயின.

ஒலேக்கு ஐம்பது வயதாகிவிட்டது. இனி போதும் என்று விட்டுவிடலாமா? அந்தச் சிறிய ஊரில் அவரை நம்பிப் பல குடும்பங்கள் இருந்தன. மீண்டும் கட்டினார். மறு ஆண்டே சுமார் 40 பேர் அங்கே வேலை செய்தார்கள்.

விற்காத கட்டைகள்

போர் முடிந்தது. 1946இல் ஒலே துணிச்சலான ஒரு முடிவெடுத்தார். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்திப் பொருள் செய்யும் இயந்திரம் ஒன்றை இங்கிலாந்திலிருந்து வாங்கினார். விலை 30,000 குரோனர். அன்றைக்கு அது மிகப் பெரிய தொகை. குடும்பத்தாருக்கு இதில் உடன்பாடு இல்லை. மரப்பொம்மை நன்றாக விற்கும்போது பிளாஸ்டிக் எதற்கு என்பது அவர்கள் கவலை.

அந்த நேரத்தில் ஒலேயின் கைக்கு இங்கிலாந்துக் கட்டை ஒன்று வந்தது. ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் உருவாக்கிய பிளாஸ்டிக் கட்டை அது. மேலே குமிழ்கள் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கலாம். அதைப் பார்த்துச் சில மாற்றங்கள் செய்து, 1949இல் ஒலேயும் கோட்ஃப்ரெட்டும் தங்கள் கட்டைகளைக் கொண்டுவந்தார்கள். ஆகவே, கட்டையின் முதல் யோசனை பேஜுடையது என்பதை நாம் மறக்கக் கூடாது. பல ஆண்டுகள் கழித்து, 1981இல், அந்தக் கட்டைகளின் உரிமையை லெகோ நிறுவனம் விலை கொடுத்து வாங்கிக்கொண்டது.

சரி, புதிய கட்டைகள் விற்றனவா? இல்லை! கடைக்காரர்கள் பல பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

காரணம் இரண்டு. முதலாவது, அந்தக் கட்டைகளின் உட்புறம் வெறும் கூடாக இருந்தது. அதனால் பிடிமானம் போதவில்லை. உயரமாகக் கட்டித் தூக்கினால் கழன்று விழுந்துவிடும். இரண்டாவது, பெட்டிக்குள் வெறும் கட்டைகள் மட்டுமே இருந்தன. அவற்றை வைத்து என்ன விளையாடுவது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

கப்பலில் ஒரு பேச்சு

1954இல் கோட்ஃப்ரெட் கப்பலில் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தார். உடன் பயணம் செய்தவர் கோபன்ஹேகன் நகரத்துப் பெரிய கடை ஒன்றில் பொம்மைப் பிரிவைக் கவனித்துவந்தவர். பொம்மைத் தொழிலில் ஓர் ஒழுங்குமுறையே இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனியாக வருகிறது, போகிறது என்று அவர் குறைபட்டுக்கொண்டார்.

அந்தப் பேச்சு கோட்ஃப்ரெட்டின் மனத்தில் தைத்தது. ஊர் திரும்பியதும் நல்ல பொம்மைக்கு என்னென்ன தகுதிகள் வேண்டும் என்று பட்டியல் போட்டார். சிறுவர்களுக்கும் சிறுமிகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். எல்லா வயதினருக்கும் பிடிக்க வேண்டும். ஆண்டு முழுவதும் விளையாடத் தக்கதாக இருக்க வேண்டும். கற்பனைக்கு இடம் தர வேண்டும். எண்ணிக்கை கூடக் கூட விளையாட்டும் பெருக வேண்டும். நிறுவனம் அப்போது செய்துவந்த அத்தனை பொம்மைகளையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தார். தேறியது எது தெரியுமா? விற்காமல் கிடந்த அந்தக் கட்டைதான்!

1955இல் கட்டைகளைக் கொண்டு ஒரு நகரத்தையே அமைக்கும் திட்டம் வெளிவந்தது. சாலைகள் அச்சிட்ட விரிப்பு, அதன்மேல் வைக்கக் கடைகள், வீடுகள், வண்டிகள் என்று 28 பெட்டிகள், 8 வாகனங்கள். ஒரு பெட்டி வாங்கினால் ஒரு வீடு. பிறந்தநாளுக்கு இன்னொரு பெட்டி வந்தால் பக்கத்திலேயே ஒரு கடை. பழைய பெட்டி வீணாகவில்லை, புதியதோடு சேர்ந்து வளர்ந்தது. குழந்தைகள் இப்போது வாங்கத் தொடங்கினார்கள்.

குழாய் செய்த மாயம்

பிடிமானம் மட்டும்தான் பாக்கி. அதற்கும் வழி பிறந்தது. கட்டையின் உள்ளே சின்னச் சின்னக் குழாய்களை வைத்தார்கள். கீழே உள்ள கட்டையின் குமிழ்கள் இந்தக் குழாய்களுக்கும் பக்கச் சுவருக்கும் இடையில் இறுக்கமாகச் சிக்கிக்கொள்ளும். தூக்கினாலும் விழாது. ஆனால் சிறு பிள்ளையின் விரல்களாலும் பிரித்துவிடலாம். 1958 ஜனவரி 28ஆம் தேதி இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள்.

அதன்பின் சில வாரங்களே கழிந்தன. 1958 மார்ச் 11ஆம் தேதி ஒலே கிர்க் காலமானார். அந்தக் கட்டை உலகமெங்கும் போனதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1960இல் மூன்றாவது முறையாகத் தீ. மரப்பொம்மைக் கிடங்கு எரிந்தது. அத்தோடு மரப்பொம்மை செய்வதை நிறுத்திவிட்டு, கட்டைகளிலேயே கவனம் செலுத்தினார் கோட்ஃப்ரெட்.

எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 விதமாகப் பொருத்தலாம். மூன்று கட்டைகளை 1,060 விதமாகப் பொருத்தலாம். ஆறு கட்டைகள் என்றால்? 91 கோடியே 51 லட்சத்துக்கும் மேற்பட்ட விதங்கள்! இன்று செய்யும் கட்டையும் 1958ஆம் ஆண்டுக் கட்டையோடு கச்சிதமாகப் பொருந்தும். தாத்தாவின் கட்டைமேல் பேரன் கட்டலாம்.

பேரப்பிள்ளைகள் எழுதிய பரீட்சை

ஒலே மறைந்த பிறகும் அவருடைய பாடம் முடியவில்லை. நிறுவனத்தார் அதை நினைவில் வைத்திருந்தபோது வென்றார்கள், மறந்தபோது தோற்றார்கள்.

1978இல் சிரித்த முகமும் அசையும் கைகால்களும் கொண்ட குட்டி மனிதர்கள் வந்தார்கள். நகரம், கோட்டை, விண்வெளி என்று மூன்று உலகங்கள். கோட்டை வீரனை விண்கலத்தில் உட்காரவைக்கலாம். விண்வெளி வீரனை நகரத்துக்குக் கூட்டிவரலாம். இந்த வரிசைகள் பெரும் வெற்றி பெற்றன.

2002இல் 'கலிடார்' என்று ஒரு வரிசை வந்தது. தொலைக்காட்சித் தொடர் ஒன்றை ஒட்டிய பொம்மைகள். கை, கால்களைக் கழற்றி மாற்றலாம், அவ்வளவுதான். கட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. தொடர் நின்றது. பொம்மையையும் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். யோயோ கதைதான்!

அந்த நாள்களில் புதுப்புது வடிவத் துண்டுகளாகச் செய்து குவித்ததில் அவற்றின் வகைகள் 12 ஆயிரத்தைத் தாண்டின. ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி அச்சு வேண்டும், செலவும் அதிகம். திரைப்படக் கதைகளை ஒட்டி வந்த பெட்டிகளோ படம் வந்த ஆண்டில் விற்றன, வராத ஆண்டில் தேங்கின. 2003, 2004ஆம் ஆண்டுகளில் நிறுவனம் மூழ்கிவிடும் நிலைக்கே வந்துவிட்டது. பிறகு தேவையில்லாத துண்டுகளை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். தீயணைப்பு நிலையம், காவல் நிலையம் என்று எல்லாப் பிள்ளைகளும் கட்ட விரும்பும் பழைய நகரத்துக்கே திரும்பினார்கள். நிறுவனம் பிழைத்தது.

அப்படியானால் கதையோடு வரும் பொம்மைகள் எல்லாம் தோற்குமா? அப்படியும் இல்லை. 2011இல் வந்த 'நிஞ்சாகோ' வரிசைக்கும் தொலைக்காட்சித் தொடர் உண்டு. சில ஆண்டுகளில் அதை நிறுத்திவிட்டு 'சீமா' என்ற வேறொரு வரிசையை வளர்ப்பதுதான் திட்டம். பிள்ளைகள் விடவில்லை. சீமா 2015இல் நின்றது. நிஞ்சாகோ அதைத் தாண்டியும் தொடர்ந்தது. அதில் கதையும் இருந்தது, கட்டுவதற்குக் கோயில், கப்பல், டிராகன் என்று ஏராளமும் இருந்தன. பார்த்த கதை முடிந்த பிறகு தங்கள் சொந்தக் கதையைப் பிள்ளைகளே கட்டினார்கள்.

குட்டி நண்பர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பொம்மைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எந்தப் பொம்மையை வைத்து இதுவரை விளையாடாத ஒரு புதிய விளையாட்டு விளையாட முடிகிறது? அது தீப்பெட்டிகளை அடுக்கிச் செய்த ரயிலாகவும் இருக்கலாம், களிமண்ணில் பிசைந்த யானையாகவும் இருக்கலாம். விலை பெரிதல்ல. உங்கள் கைக்கும் மூளைக்கும் அது வேலை வைக்கிறதா என்பதுதான் முக்கியம்.

நீங்களே ஒரு பொம்மை செய்து தம்பிக்கோ தங்கைக்கோ கொடுக்கப் போகிறீர்களா? மிகவும் நல்லது. கொடுப்பதற்கு முன் பில்லுண்டுத் தச்சரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பூச்சைப் பூசிவிட்டுக் கொடுங்கள்!